மேட்டில் மட்டும் மக்கர்

மூன்று வாரமாக அந்த வெள்ளைக் கார் ஒயரக்காவுக்கு டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்தது.

ஒயரக்காவைத் தெரியாதவர்கள் அந்தச் சாலையில் கிடையாது. விளக்கு எரியவில்லை, ஹாரன் அடிக்கவில்லை, சாவியைத் திருப்பினால் முனகுகிறது என்றால் நேரே அவள் ஷெட்டுக்குத்தான் வண்டி வரும். பெற்றவர்கள் வைத்த பெயர் கரண்டு பில்லில் மட்டும்தான் இருந்தது. வேலையில் கெட்டிக்காரி, ஆனால் ஒரு கெட்ட பழக்கம். காரணம் தெரியாமல் எந்த வண்டியையும் வெளியே விடமாட்டாள். "ஏதோ சரியாயிடுச்சு, எடுத்துட்டுப் போறேன்" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும். "ஏதோன்னா என்னங்க? அந்த ஏதோ நாளைக்கு நடுரோட்டுல திரும்பி வராதா?" என்று சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

இந்தக் கார் அவளுடைய அண்ணனுடையது. அண்ணன் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர், அதனால் எல்லோருக்கும் வாத்தியார். காருக்குப் பதினாறு வயது. கற்றுக்கொடுக்கிற கார் என்பதால் வாத்தியார் உட்காரும் பக்கத்திலும் காலடியில் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் இருக்கும்.

வியாதி இதுதான். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆக்சிலேட்டர் செத்துப்போகும். மிதித்தால் வண்டி கேட்காது. இஞ்சின் அணையாது, மெல்ல உறுமிக்கொண்டு கிடக்கும். மூன்று நான்கு நொடி கழித்து, எனக்கு ஒன்றுமே தெரியாதப்பா என்று கிளம்பிவிடும். தினமும் வந்தாலாவது பிடித்துவிடலாம். இதுவோ வாரத்துக்கு இரண்டு தடவை, மூன்று தடவை, அதுவும் பெரும்பாலும் பள்ளிக்கூடத்து மேட்டில்.

ஒயரக்கா பார்க்காத இடமில்லை. கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்தாள், ஒரு தப்பும் பதிவாகவில்லை. ஆக்சிலேட்டர் மிதியில் உள்ள சென்சாரை மாற்றினாள். காற்று போகிற வால்வைக் கழற்றிக் கரி போகக் கழுவினாள். இஞ்சினை ஓடவிட்டு ஒவ்வொரு ஒயராகப் பிடித்து உலுக்கினாள். எண்பது கிலோமீட்டர் தனியாக ஓட்டினாள். அண்ணனை ஓட்டச்சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தாள், தான் ஓட்டி அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். பள்ளிக்கூடத்து மேட்டில் மட்டும் பதினோரு தடவை ஏறி இறங்கினாள். கார் சமர்த்தாக ஏறியது.

"வண்டியில ஒண்ணுமே தெரியலண்ணே" என்று கடைசியில் ஒப்புக்கொண்டாள். சொல்லும்போதே நாக்கு கசந்தது.

அந்த ஒரு வாக்கியம் என்ன வேலை செய்தது என்பது சனிக்கிழமை காலையில்தான் அவளுக்குத் தெரிந்தது.

ஷெட் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். ஆஸ்பத்திரி சீருடை, தோளில் பை, ராத்திரி டியூட்டி முடித்த கண். வாத்தியாரிடம் கார் கற்றுக்கொள்கிற நர்ஸம்மா.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்க. வண்டியில நிஜமாவே ஒண்ணும் இல்லையா?"

"ஏம்மா கேக்குற?"

"சார் சொல்றாரு, தங்கச்சியே பாத்துட்டா, வண்டி சுத்தமா இருக்கு, உங்க காலுதான் சரியில்லன்னு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு பழமொழி வேற."

ஒயரக்காவுக்குச் சுருக்கென்றது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள்.

நர்ஸம்மாவின் கதை நீளமில்லை. ஆறு வருடமாக ராத்திரி டியூட்டி. இப்போது வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற பகல் வேலை ஒன்று கிடைத்திருக்கிறது, காரும் கொடுப்பார்கள். ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் லைசென்ஸ் காட்ட வேண்டும். இல்லையென்றால் வேலை பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும். டெஸ்டில் ஏற்கெனவே இரண்டு தடவை ஃபெயில். இரண்டு தடவையும் பள்ளிக்கூடத்து மேட்டில் கார் நின்று பின்னால் உருண்டிருக்கிறது. மூன்றாவது டெஸ்ட் வியாழக்கிழமை. அதிலும் போனால் ஆறு மாதத்துக்கு டெஸ்டுக்கே போக முடியாது.

"என் பொண்ணு ஸ்கூல் விட்டு வரும்போது நான் தூங்கிட்டிருக்கேன்க்கா. அவ தூங்கும்போது நான் கிளம்பிடறேன். இந்த வேலை கிடைச்சா அவ மூஞ்சியை வெளிச்சத்துல பாப்பேன்" என்றாள். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னாள். "வீட்டுல தையல் மிஷின் பெடலை வச்சுப் பழகறேன். மெதுவா அழுத்தி, மெதுவா விட்டு. பொண்ணு கேக்குறா, துணியே இல்லாம என்னம்மா தைக்கிறேன்னு."

ஒயரக்கா சிரித்துவிட்டாள், உடனே சிரித்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். அண்ணன் மேல் கோபம் வந்தது. அதைவிடத் தன் மேல் அதிகம் வந்தது. ஒன்றும் தெரியவில்லை என்று இவள் சொன்னது, அங்கே போய் ஒன்றும் இல்லை என்று ஆகியிருக்கிறது. இரண்டும் ஒன்றா? வண்டி தள்ளியது போதாதென்று இவள் குழியும் பறித்த மாதிரி ஆகிவிட்டதே!

"இந்தா பாரு, உன் கால்ல கோளாறா, வண்டியில கோளாறான்னு வியாழக்கிழமைக்குள்ள கண்டுபிடிச்சுச் சொல்றேன். அதுவரைக்கும் தையல் மிஷினைக் கொஞ்சம் தூங்க விடு."

சொல்லிவிட்டாளே தவிர, எங்கே ஆரம்பிப்பது என்று அவளுக்கே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதே யோசனை. பழைய மாணவர்களுக்கெல்லாம் ஃபோன் போட்டாள். வெயிலா மழையா, பெட்ரோல் எவ்வளவு இருந்தது, ஏ.சி. ஓடியதா, ஜன்னல் திறந்திருந்ததா, டாக்டர் கேட்பது போலத் துருவித் துருவிக் கேட்டாள். ஆளுக்கொரு பதில். ஆனால் ஒரு சங்கதி மட்டும் ஒத்துப்போனது. கடந்த ஏழெட்டு மாதத்தில் படித்தவர்கள் எல்லோருக்கும் ஒரு தடவையாவது வந்திருக்கிறது. அதற்கு முன்பு படித்த ஒருவருக்குக்கூட வந்ததில்லை.

ஏழெட்டு மாதத்துக்கு முன்னால் காருக்கு என்ன ஆயிற்று? அண்ணனைக் கேட்டால், "ஒண்ணும் ஆகலையே பாப்பா" என்றார். நாற்பத்தைந்து வயதானாலும் அவருக்கு அவள் பாப்பாதான்.

திங்கட்கிழமை காலையில் ரொட்டி வண்டிக்காரர் ஹெட்லைட் பல்பு மாற்ற வந்தார். பேக்கரியிலிருந்து கடை கடையாக ரொட்டி போடுகிறவர், வாயும் அதே மாதிரி கடைக்குக் கடை ஓடும். மூலையில் நின்ற வெள்ளைக் காரைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"இந்தக் கார் பின்னாடி மாட்டினா அன்னைக்கு எனக்கு ரத்தக் கொதிப்புதான். மேட்டுல ஏறும்போது எவனாவது பிரேக் போடுவானா? சிவப்பு லைட்டைப் போட்டுக்கிட்டே ஏறுது. உங்க அண்ணன் என்னதான் சொல்லித் தராரு?"

ஒயரக்காவின் கையிலிருந்த பல்பு அப்படியே நின்றது. "மேட்டுலயா? பிரேக் லைட் எரிஞ்சுதா? நல்லாப் பாத்தீங்களா?"

"என் மூக்குக்கு முன்னாடி எரியுது, பாக்காம?"

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பது இதுதான். மூன்று வாரம் ஆக்சிலேட்டரையே குடைந்துகொண்டிருந்தவள், பக்கத்தில் இருக்கிற பிரேக்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை! அந்தக் காரின் மூளையில் ஒரு விதி உண்டு. பிரேக்கும் ஆக்சிலேட்டரும் ஒரே நேரத்தில் மிதிபட்டால், பிரேக்கைத்தான் நம்பும். ஓட்டுகிறவர் நிற்க விரும்புகிறார் என்று எடுத்துக்கொண்டு இஞ்சினை அடக்கிவிடும். காரைப் பொறுத்தவரை இது கோளாறே இல்லை, சொன்ன சொல்லைக் கேட்பது. பிறகு கம்ப்யூட்டரில் எப்படித் தப்பு பதிவாகும்?

"அண்ணே, பிரேக் ஸ்விட்ச்!" என்று ஃபோனில் கத்தினாள். பிரேக் மிதியின் தண்டை ஒட்டி ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். மிதி ஒரு மயிரிழை நகர்ந்தாலும் அது மூளைக்குச் சேதி சொல்லிவிடும். அது கெட்டுப்போய்ப் பொய் சொல்கிறது என்று முடிவுகட்டி, புதிதாக வாங்கி மாட்டினாள். சாயங்காலம் அண்ணன் நர்ஸம்மாவை ஏற்றிக்கொண்டு போனார்.

முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார்கள். நர்ஸம்மா இறங்கும்போதே முகம் செத்துப்போயிருந்தது.

"அதே மேடு. அதே இடம்" என்றார் வாத்தியார். "புது ஸ்விட்ச், புது சென்சார். இன்னும் என்ன பாப்பா மாத்தணும்? ரோட்டை மாத்தணுமா?"

நர்ஸம்மா பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஒயரக்கா ஸ்விட்சிலிருந்து ஒரு நீள ஒயரை இழுத்தாள். தரை விரிப்புக்கு அடியில் கொண்டுபோய்ப் பின் சீட்டில் எடுத்தாள். நுனியில் கட்டைவிரல் அளவு பல்பு ஒன்றை மாட்டினாள். பிரேக் துளி நகர்ந்தாலும் பல்பு எரியும். "நானும் பின்னாடி உக்காந்து வரேன்" என்று ஏறிக்கொண்டாள். மடியில் பல்பு, நடுவில் குனிந்தால் முன் பக்கக் கால்கள் எல்லாம் தெரியும்.

நர்ஸம்மா ஓட்டினாள். நன்றாகவே ஓட்டினாள், அதில் சந்தேகமே இல்லை. வாத்தியார் வழக்கம்போல அமைதியான குரலில் சொல்லிக்கொண்டு வந்தார். "கண்ணாடி பாருங்க... ம்... மூணாவது போடுங்க... அவசரம் வேண்டாம்." முப்பது வருடக் குரல், தாலாட்டு மாதிரி இருக்கும்.

பள்ளிக்கூடத்து மேடு வந்தது. வலது பக்கம் விளையாட்டு மைதானத்துக் கம்பி வேலி, அதில் ஒரு திறப்பு. கார் ஏற ஆரம்பித்தது. ஒயரக்காவின் மடியில் பல்பு எரிந்தது.

இஞ்சின் சத்தம் அடங்கியது. "பாருங்கக்கா, மிதிக்கிறேன், வரமாட்டேங்குது!" என்றாள் நர்ஸம்மா.

ஒயரக்கா குனிந்தாள். நர்ஸம்மாவின் வலது கால் ஆக்சிலேட்டரில், இடது கால் ஓரமாகச் சும்மா. நடுவில் பிரேக்கின் மேல் யார் காலும் இல்லை. அப்படியே பார்வையை இந்தப் பக்கம் திருப்பினாள்.

வாத்தியாரின் கறுப்பு ஷூ தன் பக்கத்துப் பிரேக் மேல் இருந்தது. அழுத்தவில்லை. ஒரு காசு கனத்துக்குக்கூட இறங்கியிருக்காது, பிரேக் பிடிக்க அது எந்த மூலைக்கு? ஆனால் ஸ்விட்சுக்கு அது போதும். இரண்டு பிரேக்கையும் ஒரே கம்பி இணைக்கிறது. மேலே அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "பதறாதீங்க, ஸ்டியரிங்கை நேரா பிடிங்க" என்று தாலாட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கால் அங்கே போனது அவருக்கே தெரியாது. கணுக்கால் மட்டும் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

வந்த வேகத்திலேயே கார் ஊர்ந்து வேலி தாண்டியதும் ஷூ தானாகப் பின்னால் வந்தது. பல்பு அணைந்தது. கார் ஏறியது.

கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் வரவேண்டிய நேரம், ஒயரக்காவுக்கு அது வரவில்லை.

ஷெட்டில் நர்ஸம்மாவை டீ வாங்கி வரச்சொல்லி அனுப்பிவிட்டு, ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு காருக்குள் தலையை விட்டாள். ஸ்விட்சை ஒரு நூல் தள்ளி வைத்தால் போதும். வாத்தியார் கால் வைத்தாலும் காருக்குத் தெரியாது. "ஒயர் லூசுண்ணே" என்று சொல்லிவிடலாம். அண்ணன் மானமும் பிழைக்கும், நர்ஸம்மாவும் ஏறிவிடுவாள். யாருக்கு நஷ்டம்?

ஆனால் அந்தக் கால்? இன்றைக்குக் காசு கனம், நாளைக்கு ஒரு விரல் கனம் என்று இறங்காதா? அதோடு, ஒயர் லூசு என்பதும் ஒரு 'ஏதோ'தானே! ஸ்குரூ டிரைவரைத் தூக்கி டப்பாவில் போட்டாள்.

"அண்ணே, மேட்டுல நீங்க பிரேக்ல கால் வைக்கிறீங்க."

வாத்தியார் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்ததும் முகம் சிவந்தது. "யாருக்குப் பாடம் சொல்றே? தேவையில்லாம பெடல்ல கால் வைக்கக் கூடாதுன்னு ஊருக்கே சொல்லிக்கொடுக்கிறவன் நான். பின் சீட்ல உக்காந்துக்கிட்டு என் காலைக் குத்தம் சொல்றியா?"

"சொல்லல. பாருங்க, நீங்களே பாருங்க."

பல்பை முன்னால், அவர் கண்ணுக்கு நேராக ஒட்டினாள். டீயோடு வந்த நர்ஸம்மாவை டீ குடிக்கக்கூட விடாமல் மறுபடியும் ஏற்றினாள். வழியெல்லாம் வாத்தியார் பல்பை முறைத்துக்கொண்டே வந்தார். அது எரியவில்லை. "பாத்தியா?" என்று பின்னால் திரும்பினார். மேடு வந்தது. வேலி வந்தது. பல்பு எரிந்தது.

"நான் மிதிக்கல" என்றார்.

"கீழ பாருங்கண்ணே."

அவர் பார்த்தார். யாரோ ஒருவருடைய கால் தன் பேண்டுக்குள் இருப்பதைப் பார்ப்பது போல அதைப் பார்த்தார். எடுக்க முயன்றார். வேலி தாண்டுகிற வரை அது வரவில்லை.

மேட்டின் உச்சியில் காரை ஓரம்கட்டச் சொன்னார். பிறகு அவரே சொன்னார்.

"எட்டு மாசம் இருக்கும். ஒரு பையன் ஓட்டிட்டிருந்தான், காலேஜ் பையன். அந்தத் திறப்புல இருந்து பந்து வந்துச்சு. பந்து பின்னாடி ஒரு பொண்ணு, இத்தனூண்டு. பையன் பதறிப்போய் பிரேக்குன்னு நெனச்சு ஆக்சிலேட்டரை மிதிச்சுட்டான். நான் மிதிச்சு நிறுத்தினேன். ஒரு சாண். அந்தப் பொண்ணு பந்தை எடுத்துக்கிட்டு, எங்களை ஏறெடுத்துக்கூடப் பாக்காம ஓடிப்போயிருச்சு."

"அண்ணிகிட்ட சொன்னீங்களா?"

"என்னன்னு சொல்றது? ஒண்ணும்தான் ஆகலையே."

ஒயரக்காவுக்குக் கண் கலங்கியது. ஒன்றும் ஆகவில்லையாம்! தங்கை ஓட்டும்போது அந்தக் காலுக்குப் பயமில்லை, அதனால் அசையவில்லை. மாணவர் ஓட்டினால் போதும், சொந்தக்காரரைக் கேட்காமலேயே காவலுக்குப் போய் நின்றிருக்கிறது. எட்டு மாதமாக, மேட்டுக்கு மேடு.

வாத்தியார் நர்ஸம்மா பக்கம் திரும்பினார். "உங்க கால்ல ஒரு குத்தமும் இல்லம்மா. ரெண்டு தடவையும் உங்களை ஃபெயிலாக்கினது நான்தான். மன்னிச்சிருங்க."

நர்ஸம்மா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தாள். "ரெண்டு மாசம் சார்" என்றாள். "ரெண்டு மாசமா என் காலை நானே திட்டிட்டிருந்தேன். நமக்கு இதெல்லாம் வராது, ராத்திரி டியூட்டியே தலையெழுத்துன்னு. நீங்க ஒரு தடவை குனிஞ்சு பாத்திருக்கக் கூடாதா?"

"பாத்திருக்கணும்" என்றார் அவர்.

டெஸ்டுக்கு வேறு ஸ்கூல் வாத்தியாரை வேறு காரோடு ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். டெஸ்டில் கற்றுக்கொடுக்கிறவர் முன்னால், ஓட்டுகிறவர் பக்கத்தில் உட்கார வேண்டும், அதிகாரி பின்னால் உட்காருவார், அதுதான் சட்டம். நர்ஸம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

"வேண்டாம். தெரியாத காரை ஒரே நாள்ல நான் பழகணும். அதுக்கு இந்தக் காலைப் பழக்கறது சுலபம். நாளைக்கு எத்தனை மணிக்கு சார் ஃப்ரீ?"

புதன்கிழமை மேட்டில் நடந்த கூத்தை என்னவென்று சொல்வது! மாணவி வாத்தியாராகிவிட்டாள், வாத்தியார் மாணவராகிவிட்டார். "விளக்கு எரியுது சார். காலை எடுங்க... ம்... அவசரம் வேண்டாம்." அதே தாலாட்டு. முதல் ஏழு தடவை பல்பு எரிந்தது. எட்டாவது தடவை மினுக்கி அணைந்தது. ஒன்பதாவது தடவை எரியவில்லை. பத்தாவது தடவை மறுபடியும் எரிந்தது. பதினான்கு தடவை ஏறியும் நாளைக்கு என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஒயரக்கா ஒயரைச் சுருட்டிக்கொண்டாள். இனி அவள் கையில் மாற்றுவதற்கு ஒரு சாமானும் இல்லை.

வியாழக்கிழமை டெஸ்ட் மைதானத்தில் அதிகாரி கோப்பைப் புரட்டினார். "மூணாவது தடவையா?"

நர்ஸம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பழக்கதோஷம்.

"சார்" என்று வாத்தியார் முன்னால் வந்தார். "முதல் ரெண்டு தடவையும் இவங்க தப்பு இல்ல. நான் பிரேக்ல கால் வச்சிருக்கேன். எழுதியே கொண்டுவந்திருக்கேன்."

அதிகாரி காகிதத்தைப் படித்தார், அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இதை நான் வாங்கிட்டா, கத்துக்கொடுக்கிற உங்க லைசென்ஸையே பரிசோதனைக்கு அனுப்பணும். தெரியுமில்ல?"

"தெரியும் சார். வாங்கிக்கோங்க."

கார் கேட்டைத் தாண்டிப் போனது. ஒயரக்கா மரத்தடிச் சுவரில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடியும் உட்கார்ந்தாள். என்ன ஆகும் என்று தெரியாமல் ஒரு வண்டியை அவள் வெளியே விட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நாற்பது நிமிடம் அவளுக்கு நாலு நாளாக நீண்டது.

கார் திரும்பி வந்து கோட்டுக்குள் ஒழுங்காக நின்றது. அதிகாரி இறங்கி, ஒரு ரிசல்ட் சீட்டைக் கிழித்து நர்ஸம்மாவிடம் நீட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். வாத்தியார் கதவைத் திறந்தார். ஒரு காலை வைத்தார், அடுத்த காலை வைத்தார், அப்படியே சரிந்து கதவைப் பிடித்துக்கொண்டார். நாற்பது நிமிடமும் இரண்டு கையாலும் தொடையை இறுக்கிப் பிடித்தபடியே வந்திருக்கிறார். கால் மரத்துக் கட்டையாகியிருந்தது.

நர்ஸம்மா ஓடி வந்து தரையில் மண்டியிட்டாள். கையில் இருந்த சீட்டை வைக்க இடமில்லாமல் பல்லில் கடித்துக்கொண்டு, அவர் ஷூவைக் கழற்றி, கெண்டைக்காலை இரண்டு கையாலும் பரபரவென்று தேய்க்க ஆரம்பித்தாள்.

"என்னாச்சு? சொல்லித் தொலைங்களேன்!" என்றாள் ஒயரக்கா.

நர்ஸம்மாவால் வாயைத் திறக்க முடியவில்லை. கண்ணீர் மட்டும் வழிந்துகொண்டிருந்தது. வாத்தியார்தான் பதில் சொன்னார்.

"ஏறிட்டா, பாப்பா" என்றார். "நிக்கவே இல்ல."

சொல்லிவிட்டு, அத்தனை பேர் பார்க்க, அவரும் அழுதார்.